குழிமேல் ஏற்றாத கார்

தூத்துக்குடியில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இரண்டு பேரைக் கேட்காமல் கை நீட்ட மாட்டார்கள். ஒன்று வீட்டுக்காரி, இன்னொன்று அருணாசலவடிவு. வீட்டுக்காரி வேண்டாமென்று தலையால் தண்ணீர் குடித்தும் வாங்கியவர்கள் உண்டு. வடிவு வேண்டாமென்று சொன்ன பிறகு வாங்கிய ஆள் ஊரில் கிடையாது.

வயது நாற்பத்தொன்பது. மாப்பிள்ளையூரணியில் வீடு. பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள், ஒரே ஒரு சின்னக் காரை வைத்துக்கொண்டு. புருஷன் சிவபாலன் துறைமுகத்தில் கப்பலுக்கு ஏறும் சரக்கைச் சரிபார்க்கிற வேலை. காருக்கு நாலு சக்கரம் என்ற அளவோடு அவர் ஞானம் நின்றுவிடும், அதனால் அந்த வீட்டில் இந்த விஷயத்தில் சண்டை வந்ததில்லை.

வடிவு ஒரு காரைப் பார்க்கிற விதம் எல்லோருக்கும் தெரியும். முதலில் நேசக்குமாரின் ஒர்க்‌ஷாப்பில் குழிமேல் ஏற்றுவாள். குழி என்றால் தரையில் ஆளுயரத்துக்குத் தோண்டி சிமெண்டு பூசியது. கார் மேலே நிற்கும், இவள் கீழே இறங்கி டார்ச் அடித்து அடிவயிறு முழுக்கத் தட்டிப் பார்ப்பாள். கடற்கரை ஊர் இது, மேலே பளபளவென்று மின்னுகிற காருக்கு அடியில் என்ன இருக்கும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அடி சரியாக இருந்தால்தான் ரோட்டுக்கு எடுப்பாள். ரோட்டில் மூன்று சோதனை. சந்தைத் தெருக் கூட்டத்துக்குள் ஒன்று, துறைமுகச் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஒன்று, மேம்பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது ஒன்று. ‘ஊருக்குள்ள, லாரிக்குள்ள, மேட்டுல’ என்று மூன்றே வார்த்தையில் முடிவைச் சொல்லிவிடுவாள். எழுதி வைக்கிற பழக்கமெல்லாம் இல்லை.

இந்தப் பேரெல்லாம் சும்மா வந்ததல்ல. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் சிவனாண்டி அண்ணாச்சியின் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள். அளத்து டிராக்டரைத் தானாகவே ஓட்டிப் பழகியிருந்தாள். அண்ணாச்சியின் டிரைவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றபோது, நான் ஓட்டட்டுமா என்று போய்க் கேட்டாள். பக்கத்து அளத்துக்காரர்கள் சிரிசிரியென்று சிரித்தார்கள். சிவனாண்டி சிரிக்கவில்லை. அம்பாசடர் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பதினோரு வருஷம் அந்தக் காரை அவள்தான் ஓட்டினாள். தனியாக வகுப்பு ஆரம்பித்த பிறகும் அந்தக் காருக்கு ஒன்றென்றால் கூப்பிடுவது அவளைத்தான்.

அப்புறம் வந்தது அந்த வெள்ளம். இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர். விடிந்து பார்த்தால் அண்ணாச்சி தெருவில் இடுப்பளவு வரப்போகிற தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. தெருவின் பள்ளமான கோடியில் நின்ற கார்கள் மிதக்க ஆரம்பித்துவிட்டன. வடிவு மழையில் நனைந்துகொண்டே போய் அம்பாசடரைக் கிளப்பினாள். தண்ணீர் எஞ்சினுக்குள் போகாமல் ஒரே சீராக ஓட்டி ஊருக்கு வெளியே கொண்டுபோய், அளத்துத் தட்டுமேட்டில் ஏற்றி நிறுத்தினாள். தட்டுமேடு என்பது உப்பைக் குவித்து வைப்பதற்கென்று உயர்த்திப் போட்ட திடல். எந்த வெள்ளமும் அங்கே ஏறாது என்று உப்பளத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். அந்த வெள்ளமும் ஏறவில்லை. ஊரில் எத்தனையோ கார்கள் சேறு குடித்துச் செத்தன. அண்ணாச்சி கார் மட்டும் நாலு நாள் கழித்து ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. அப்போது எடுத்த படம் ஊர் போன்களிலெல்லாம் சுற்றியது. வெள்ளத்தில் காரைக் காப்பாற்றிய வடிவு என்று பேரே வைத்துவிட்டார்கள். அவளுக்கும் பெருமை பிடிபடவில்லை, பெருமைப்படாமல் இருக்க அவள் என்ன கல்லா.

இரண்டரை வருஷம் ஓடிப்போனது. போன சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜெனிலா என்ற பெண் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். சாத்தான்குளத்துக்காரி, வாத்தியார் வீட்டுப் பிள்ளை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கண்டெய்னர்களுக்குச் சுங்கக் காகிதம் பார்க்கிற ஆபீசில் வேலை. புருஷன் பெனிஸ்டன் மஸ்கட்டில். நாலு வயது மகள் ஜெமியை ஆபீஸ் பக்கத்துப் பள்ளியில் விட்டிருப்பதால் தினமும் தாயும் பிள்ளையுமாகப் போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். அதற்குத்தான் கார். புதுசு எடுக்கலாமே என்று எல்லோரும் சொன்னதற்கு, பானட்டைத் திறந்தால் எது என்ன என்று கண்ணால் பார்க்கிற எந்திரம்தான் வேண்டும், கம்ப்யூட்டர் வைத்த வண்டி நடுவழியில் நின்றால் நான் யாரைப் போய்க் கெஞ்சுவது என்று பதில் சொன்னாளாம். வடிவுக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே அவளைப் பிடித்துவிட்டது.

பார்க்க வேண்டிய கார்கள் இரண்டு. ஒன்று கப்பல் எஞ்சினியர் ஜெர்சனின் ஃபியட். அவர் கடலில் இருக்கிறார், சாவி நேசக்குமாரிடம். இன்னொன்று சிவனாண்டி அண்ணாச்சியின் அம்பாசடர். அளத்துக் குத்தகை முடிந்துவிட்டது, மகன் கோயமுத்தூருக்குக் கூப்பிடுகிறான், அடுக்குமாடி வீட்டில் இந்தக் காரை நிறுத்த இடமில்லை. உடைக்கிறவனுக்குக் கொடுக்க மனசு வரவில்லை, ஓட்டுகிற கையில்தான் கொடுப்பேன் என்று அண்ணாச்சி பிடிவாதமாக இருந்தார். வடிவுக்கும் அதே ஆசைதான்.

ஃபியட்டைக் குழிமேல் ஏற்றினாள். கீழே இறங்கி அரைமணி நேரம் தட்டினாள். ஒரு இடத்தில் துரு, கைநகம் அளவு. சுரண்டினால் கீழே நல்ல தகடு. சரி என்று மேலே வந்தாள்.

அம்பாசடரைக் குழிமேல் ஏற்றவில்லை. அதை ஏன் ஏற்ற வேண்டும்? அவள் கை படாத இடம் அந்தக் காரில் உண்டா? நேசக்குமார் வழக்கம்போல் குழியோரப் பலகையை நகர்த்திவைக்கப் போனபோது, இது நம்ம வண்டிப்பா என்று கையைக் காட்டிவிட்டாள்.

முதலில் ஃபியட்டில் போனார்கள். சந்தைத் தெருவில் மீன் வண்டிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே அது பாம்பு மாதிரி நுழைந்தது. கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே, விரலால் தள்ளினால் விழுகிறது. எடுத்ததும் ஓடுகிறது. துறைமுகச் சாலையில் அறுபது வரைக்கும் சிட்டாகப் போனது. எண்பதைத் தாண்டினால் கத்த ஆரம்பிக்கிறது, பக்கத்தில் டிரெய்லர் கடந்தால் காற்றில் கொஞ்சம் தள்ளாடுகிறது. பிரேக் ஒரே மிதியில் பிடித்தது. மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தபோது மட்டும் இரண்டாவது கியரில் முனகியது. பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும், மூலை முடுக்கில் நிறுத்தலாம், ஆனால் பின் சீட்டில் பிள்ளைக்குக் குழி ஒவ்வொன்றும் தெரியும். ஜெனிலா ஓட்டிப் பார்த்துவிட்டு நல்லாத்தான் இருக்கு என்றாள். ‘தான்’ என்பதிலேயே மனசு முழுசாக ஒட்டவில்லை என்று தெரிந்தது.

அம்பாசடரில் ஏறியதும் எல்லாம் மாறிப்போனது. ஜெமி பின் சீட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டாள். வீட்டுக் கட்டில் அளவு சீட்டு. ஊருக்குள் அம்பாசடர் மெல்லத்தான் நகரும், திருப்புவதற்குத் தோள்பட்டை வேண்டும், கிளட்ச்சை மிதிக்க அரிசி உண்ட உடம்பு வேண்டும். ஆனால் மேம்பாலத்தில் நிறுத்தி எடுத்தால் மூச்சு வாங்காமல் ஏறியது. ரோட்டில் உள்ள குழிகளை அது தன்னோடு வைத்துக்கொண்டது, உள்ளே இருப்பவர்களிடம் சொல்லவில்லை. ஜெனிலாவின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. துறைமுகச் சாலையில் அவளே ஓட்டட்டும் என்று வடிவு பக்கத்து சீட்டுக்கு மாறினாள்.

இருபுறமும் உப்பளம், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் தார்ப்பாய் போட்ட உப்பு லாரி, பின்னால் கண்டெய்னர் டிரெய்லர். ஜெனிலா அறுபது, எழுபது என்று கூட்டிக்கொண்டே போனாள். பின் சீட்டில் ஜெமி இப்போது எழுந்து இடது ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். சாலையின் குறுக்கே துறைமுகத்து ரயில் தண்டவாளம் வந்தது. முன் சக்கரங்கள் ஏறி இறங்கின. பின் சக்கரம் ஏறி இறங்கும்போது இடது பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

வடிவு பின்னால் திரும்பிப் பார்த்தாள். அது அந்தக் காரின் சத்தமல்ல. பதினோரு வருஷம் கேட்ட காருக்கு என்னென்ன சத்தம் உண்டு என்று அவளுக்குத் தெரியும். சாலையில் அடுத்து ஒட்டுப்போட்ட இடத்தில் மறுபடி ‘டக்’. இந்தத் தடவை காரின் வால் இடது பக்கம் ஒரு விரல் அளவு நகர்ந்து, பிறகு யோசித்துத் திரும்பி வந்தது. பின் அச்சைத் தாங்குகிற இரும்புப் பட்டை வில் பிடிப்பை விட்டு ஆடுகிறது. அது கழன்றால் அச்சு கோணும், அச்சு கோணினால் எழுபதில் போகிற கார் எங்கே போகும் என்று ஓட்டுகிறவர் கையில் இல்லை. இடது சக்கரத்துக்கு நேர் மேலேதான் பிள்ளை உட்கார்ந்திருந்தது.

ஜெனிலாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. உப்பு லாரியை முந்துவதற்கு இண்டிகேட்டர் போட்டாள்.

“முந்தாதம்மா,” என்றாள் வடிவு. குரல் சாதாரணமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். “பிரேக்குல கால் வைக்காத. ஆக்ஸிலேட்டர மட்டும் மெல்ல விடு. ஸ்டியரிங்க இறுக்காத.”

“ஏன்க்கா?”

“சொல்லுதேன். விடு, மெல்ல.”

அறுபத்தைந்து. பின்னால் டிரெய்லர்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. கண்ணாடியில் அவன் முன்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஐம்பது. மறுபடி ‘டக்’, வால் இப்போது இரண்டு விரல் நகர்ந்தது. ஜெனிலாவும் அதை உணர்ந்துவிட்டாள். அவள் கால் தானாக பிரேக் பக்கம் போனது. வடிவு குனிந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு நின்றுவிட்டது, அம்மா என்று ஜெமி கூப்பிட்டாள். நாற்பது. டிரெய்லர் வலதுபக்கம் ஏறி, கார் முழுக்க அதிர, கடந்து போனது. முப்பது, இருபது. மண் ஓரத்தில் இறக்கி, கடைசியில் கைபிரேக்கை வடிவே மெல்ல இழுத்து நிறுத்தினாள்.

பின்பக்கம் ஏதோ சத்தம், பார்க்க வேண்டும் என்று மட்டும் வடிவு சொன்னாள். ஆட்டோ பிடித்து வாருங்கள் என்று சொன்னதற்கு ஜெனிலா இந்த ரோட்டில் ஆட்டோ எங்கே என்றாள். பிள்ளையை முன்னால் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, வடிவு ஸ்டியரிங்கைப் பிடித்து, சைக்கிள்காரன் முந்துகிற வேகத்தில் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டி வந்தாள். வழியெல்லாம் அவள் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டே வந்தாள். ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும், ஒரு போல்ட் லூசாக இருக்கும், பத்து நிமிஷ வேலை.

ஒர்க்‌ஷாப்பில் சிவனாண்டி அண்ணாச்சி ஆட்டோவில் வந்து இறங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது, வெள்ளை வேட்டி, மடித்த துண்டு. கார் வரும் வேகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். என்ன என்று கேட்கவில்லை. வடிவுக்கு அதுவே உறுத்தியது.

காரைக் குழிமேல் ஏற்றி, ஜெனிலாவையும் பிள்ளையையும் டீ குடிக்கச் சொல்லி எதிர்க்கடைக்கு அனுப்பிவிட்டு, டார்ச்சும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அடிப்பாகம் முழுக்கப் புதுத் தார். கெட்டியாக, வழிய வழியப் பூசியிருந்தது. திருப்புளியின் கட்டையால் தட்டினாள். வலது பக்கம் ‘டங்’ என்றது. இடது பக்கம், பட்டை வில்லின் பின்முனை தொங்குகிற இடத்தில், அட்டைப்பெட்டியைத் தட்டியது போல ‘தொப்’ என்றது. தாரைச் சுரண்டினாள். தாரோடு சேர்ந்து தகடும் ஏடு ஏடாக உரிந்து வந்தது. ஏடுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடு. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, இருபது வயது முதல் அவள் வாரியது அதைத்தான்.

அந்த டிசம்பர் மழையில் தட்டுமேட்டில் குவித்திருந்த உப்பு கரைந்து சரிந்து, காரின் பின்பக்கத்தை இடது சக்கரத்துக்கு மேலே வரை மூடியிருந்தது. நாலாம் நாள் மண்வெட்டியால் வாரி ஒதுக்கித்தான் காரை எடுத்தார்கள். போட்டோவில்கூட அது தெரியும். கார் உப்பு மூட்டை ஆயிட்டுன்னு சிரித்துக்கொண்டே எடுத்த படம். நல்ல தண்ணீருக்கு ஊரே தவித்த நேரம் என்பதால் கழுவியதும் அளத்து போர்வெல் தண்ணீரில், அதுவும் உப்பு. வெள்ளம் ஏறாத இடம் என்று கொண்டுபோய், நாலு நாள் உப்புச் சேற்றில் ஊற வைத்திருக்கிறாள். வேறு எவளாக இருந்தாலும் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பாள். உப்பளத்துக்காரி என்பதால் அவளுக்குத் தட்டுமேடுதான் தோன்றியது.

குழிக்குள் நின்றபடியே அவளுக்கு உடம்பு வேர்த்துக் கொட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அப்போது வந்த பயம் பிள்ளையைப் பற்றியதல்ல. பேரைப் பற்றியது. இருபத்திரண்டு வருஷப் பேர்.

குழி விளிம்பில் நிழல் விழுந்தது. அண்ணாச்சி குனிந்து நின்றார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பாத்தது போதும், மேல வாளா.”

“தாரு யாரு அடிச்சா அண்ணாச்சி?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். போன வருஷம் சித்திரையிலேயே வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியதாகவும், பின்பக்கம் போய்விட்டது, ஒட்டினாலும் நிற்காது என்று அவன் சொன்னதாகவும், தாரைப் பூசி எடுத்து வந்ததாகவும் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டார்.

“ஒரு வருசமா தெரியும். ஏன் வாயத் தொறக்கல? வடிவு காப்பாத்துன காருன்னு ஊரு சொல்லுது, அது அப்படியே இருந்துட்டுப் போட்டுமேன்னுதான். கொண்டு போயி உப்புல நிப்பாட்டுனது நீதான்ளா. நான் ஒருத்தர்ட்ட சொன்னேனா?”

அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் கொடுமை. அவள்மேல் அவருக்கு உண்மையிலேயே பாசம் உண்டு. அந்தப் பாசத்தையும் காரின் மேலுள்ள பாசத்தையும் ஒன்றாகக் கட்டி, அதன்மேல் ஒரு பிள்ளையை உட்கார வைத்திருக்கிறார். வடிவுக்கு அவரைப் பார்த்துக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் வந்ததே இல்லை. கூடவே, ரயில் தண்டவாளத்தில் இருந்து இங்கே வரும்வரை வாயைத் திறக்காத தன்மேலும் வந்தது.

“மெதுவா ஓட்டச் சொல்லு, ரெண்டு வருசம் ஓடும்,” என்றார் அவர். “இன்னிக்கு நீ வாய மூடிக்கிட்டா ரெண்டு பேருக்கும் மரியாதை.”

அவள் மேலே ஏறி வந்தாள். கை முழுக்கத் தாரும் துருவும். ஜெனிலா ஜெமியைக் கையில் பிடித்துக்கொண்டு டீக்கடையிலிருந்து சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். முகத்தில் காலைச் சிரிப்பு பாதி திரும்பியிருந்தது. சொல்லுங்கக்கா என்றாள். வடிவு வழக்கம்போல் ஆரம்பித்தாள், ஊருக்குள்ள ஃபியட், லாரிக்குள்ளயும் ஃபியட், மேட்டுல அம்பாசடர் என்று. அதோடு நிறுத்தியிருந்தால் அதுவும் உண்மைதான். ஃபியட்டை எடுத்துக்கொள் என்று முடித்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு நொடி அந்த வழி அவளுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

ஆனால் ஜெனிலா, எனக்கு அம்பாசடர்தான்க்கா பிடித்திருக்கிறது, பாப்பாவுக்கும் அதுதான், அந்தச் சத்தத்தை மட்டும் சரிபண்ணிவிட்டால் இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அது வேண்டாம்,” என்றாள் வடிவு. “கீழ உப்பு தின்னுட்டு. பின்பக்கப் பட்ட தொங்குத எடமே இல்ல, வெறும் தாருதான் இருக்கு. வெள்ளத்துல காப்பாத்துதேன்னு கொண்டு போயி உப்புல நிப்பாட்டுனது நான். நாந்தான் கெடுத்தேன்.”

அண்ணாச்சிக்குத் தெரியும் என்பதை அவள் சொல்லவில்லை. நேசக்குமார் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். ஜெனிலா காரையும் வடிவையும் மாறி மாறிப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று வடிவு எதிர்பார்த்தாள். அவள் போடவில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டாள்.

“காலைல ஃபியட்ட மட்டும் குழி மேல ஏத்துனீங்க. இத ஏன்க்கா ஏத்தல?”

வடிவு கையிலிருந்த தாரைச் சுரண்டினாள்.

“என் காருன்னு நெனச்சுட்டேன்.”

“எம் பிள்ள உள்ள இருந்தாக்கா.”

ஜெனிலா நேசக்குமார் பக்கம் திரும்பினாள். ஃபியட்டை வேறு யாரையாவது விட்டு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று நேசக்குமாரிடம் சொன்னாள், வடிவிடம் சொல்லவில்லை. அந்த வழியாக வந்த ஆட்டோவை நிறுத்தி, பிள்ளையைத் தூக்கி மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். வடிவு பார்த்துச் சொன்ன காரை இன்னொருவர் பார்க்கட்டும் என்று ஊரில் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் அந்தப் பெண் செய்தது சரி என்று வடிவுக்குத் தெரிந்தது.

ஆட்டோ திரும்பியதும் அண்ணாச்சி பக்கத்தில் வந்தார்.

“சாவியக் குடு.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“நாளைக்கி நாசரேத்துல இருந்து ஒரு ஆளு பாக்க வாரான். உன்ன வச்சுப் பாக்க மாட்டேன், பயப்படாத. வீட்டுக்குக் கொண்டு போகணும், குடு.”

அவர் உள்ளங்கையை நீட்டியபடி நின்றார். வடிவு சாவியைச் சுடிதார் பையில் போட்டாள். அவர் மறுபடி கேட்டார், இப்போது கேட்டது கெஞ்சல் மாதிரி இருந்தது. இந்த மனிதர் ஒருநாள்கூட அவளிடம் கெஞ்சியதில்லை. கொடுத்துவிடலாமா என்று கை பை வரைக்கும் போனது. அவர் கார், அவர் சாவி, அவளுக்கு என்ன உரிமை? போலீசுக்கா போக முடியும்? நாளைக்கு நாசரேத்துக்காரன் வருவான், அவனுக்கும் ஒரு வீடு, அந்த வீட்டிலும் இடது ஜன்னலோரம் உட்கார ஒரு பிள்ளை இருக்கும்.

காருக்கு ஜாக்கி கொடுக்கச் சொன்னாள். நேசக்குமார் அச்சுக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்று இரண்டு ஜாக்கி கொடுத்து முட்டு வைத்தான். அவள் சுத்தியலும் பெரிய திருப்புளியும் எடுத்துக்கொண்டு மறுபடி குழிக்குள் இறங்கினாள்.

முதல் அடியில் தார் பிளந்தது. இரண்டாவது அடியில் திருப்புளி பாதி உள்ளே போனது. மேலே அண்ணாச்சி, ஏளா வேண்டாம், ஏளா சொன்னாக் கேளு என்று சொல்லிக்கொண்டே குழியைச் சுற்றி நடந்தார். மூன்றாவது அடியில் திருப்புளி மறுபக்கம் வந்துவிட்டது. துருவும் ஈர உப்புமாக அவள் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. அவள் நிறுத்தவில்லை. பட்டை வில்லின் முனை பிடிப்போடு பெயர்ந்து தனியாகத் தொங்கும்வரை அடித்தாள். எந்தத் தாராலும் இனி மூட முடியாத ஓட்டை, கை நுழைகிற அளவு. அடிக்கும்போது அவள் அழுதாள், அதை யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் கண்ணில் உப்பு விழுந்துவிட்டது என்று சொல்லியிருப்பாள்.

மேலே வந்ததும் நேசக்குமார் ஜாக்கியை மெல்ல இறக்கினான். அம்பாசடரின் பின்பக்கம் இடதுபுறமாகச் சாய்ந்து, சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது. அது இனி சொந்தச் சக்கரத்தில் அந்த இடத்தை விட்டு நகராது என்று சிறு பிள்ளைக்கும் தெரியும்.

வடிவு பையிலிருந்து சாவியை எடுத்து, தன் சுடிதாரில் துடைத்து, இரண்டு கையாலும் அண்ணாச்சியிடம் கொடுத்தாள்.

“இப்ப யாருக்கு வேணும்னாலும் காட்டுங்க அண்ணாச்சி.”

அவர் சாவியை வாங்கிக்கொண்டார். காரைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. வடிவு பக்கத்தில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது, கேட்கவில்லை.